உயரம் குறைவு என்று தயங்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து மெய்ன் மாநிலம் வரை மலைவழியே போகும் அப்பலாச்சியன் ட்ரெயில் என்ற நடைபாதையை முழுசாக நடக்க ஆசை, ஆனால் ஐந்தடிகூட இல்லாத நான் உயரமானவர்களுக்கு எப்படி ஈடுகொடுப்பேன் என்று கேட்டிருந்தாய். தயங்காமல் போ. ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர், 14 மாநிலங்கள், ஐந்தாறு மாதம். அவ்வளவு தூரம் நடக்கும்போது கால் எவ்வளவு நீளம் என்பதைவிட முதுகில் எவ்வளவு பாரம் என்பதுதான் பெரிய விஷயம். அந்தக் கணக்கு உனக்குத்தான் சாதகம்.

சாப்பாட்டையே எடுத்துக்கொள். உடம்பு எடை குறைந்தால் நடக்கச் செலவாகும் சக்தியும் குறையும். மெய்னில் 'நூறு மைல் காடு' என்று ஒரு பகுதி வரும். சுமார் 160 கிலோமீட்டருக்கு வழியில் ஊரும் இல்லை, கடையும் இல்லை. எட்டு நாளைக்குக் கட்டிக்கொண்டு நுழைகிறாய் என்று வை. தினம் 900 கிராம் தேவைப்படும் பெரிய ஆளுக்கு ஏழு கிலோவைத் தாண்டிவிடும். 600 கிராமில் உனக்குப் பசி அடங்கினால் ஐந்து கிலோவுக்குள் முடிந்தது.

படுக்கையும் அப்படித்தான். வழக்கமான மேட் 183 சென்டிமீட்டர் நீளம். 168 சென்டிமீட்டரில் கிடைப்பதே உனக்குத் தாராளம். ஸ்லீப்பிங் பேக், மழைக்கோட்டு, மாற்றுத்துணி எல்லாமே சின்ன அளவு; ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடை குறையும்.

டென்ட்டுக்குள் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். விடிகாலையில் உட்புறச் சரிவு முழுக்க நம் மூச்சுக்காற்றே நீர்த்துளியாகப் படிந்திருக்கும். ஆறடி ஆள் படுத்தால் தலைமாடும் கால்மாடும் அந்தத் துணியில் உரசும். ஸ்லீப்பிங் பேக்கின் கால்பகுதி நனைந்து, உள்ளிருக்கும் வாத்துத் தூவி கட்டிகட்டியாகத் திரண்டு, சூடு நிற்காமல் போகும். உனக்கோ காலுக்கு அப்பால் ஒரு சாண் இடம் மிஞ்சும். துணிப்பையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், மஹூசக் நாட்ச். அதுவும் மெய்னில்தான். ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரும்பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கும். சில இடுக்குகளில் பையைக் கழற்றி முன்னால் தள்ளிவிட்டு, வயிறு தரையில் பட ஊர்ந்து போகவேண்டும். அங்கே சின்ன உடம்பைப் போல உதவுவது எதுவும் இல்லை. பாதையில் மரம் சாய்ந்து கிடந்தாலும் நீ குனிந்து நுழைந்துவிடலாம்.

எம்மா கேட்வுட் பாட்டியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பதினொரு பிள்ளை பெற்றவர், உயரம் ஐந்தடி இரண்டங்குலம். 1955-ல், 67 வயதில், இந்தப் பாதையைத் தனியாக ஒரே பருவத்தில் நடந்து முடித்தார். அப்படி முடித்த முதல் பெண் அவர்தான். சாதாரணக் கான்வாஸ் ஷூ, தானே தைத்த துணிப்பை, மழைக்கு ஒரு குளியலறைத் திரை. மொத்தச் சுமை ஒன்பது கிலோவைத் தாண்டியது அபூர்வம்.

சிரமமே இருக்காது என்று சொல்லமாட்டேன். அடுப்பும் தண்ணீர் ஃபில்டரும் உனக்காக எடை குறையாது. நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் பாதை வளையாமல் நேரே ஏறும். படிபோல் கிடக்கும் பாறைகள் உனக்கு இடுப்பளவு வரும். கையை ஊன்றி, முழங்காலைத் தூக்கி வைத்து ஏறவேண்டியதுதான். அங்கே உன் வேகம் குறையும், குறையட்டும். ராத்திரி தங்குமிடத்துக்கு அரைமணி பிந்திப் போனால் ஒன்றும் ஆகிவிடாது.

பை வாங்குவதில் மட்டும் அவசரப்படாதே. கடையில் உயரம் கேட்டால் சொல்லிவிட்டு விடாமல், முதுகை அளக்கச் சொல். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக வரும் இடம் வரை டேப் வைக்கவேண்டும். பையின் முதுகு அதைவிட நீளமாக இருந்தால் இடுப்புப் பட்டை கீழே இறங்கி, பாரம் முழுக்கத் தோளில் தொங்கும். இந்த வாரமே யாரையாவது அளக்கச் சொல்லி எனக்கு எழுது, எந்தப் பை சரிவரும் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா