காது கேளாதவர் ஆலோசனைக்கு வரும்போது: ஆலோசகர்கள் கவனத்துக்கு

வணக்கம். சைகைமொழியில் பேசுபவர்களுக்கு ஆலோசனை தரும் உறுப்பினர்களுக்கு மட்டும் இந்தக் குறிப்பு.

அம்மாவையோ அண்ணனையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வீட்டுப் பிரச்சினையை வீட்டார் வழியாக யார் சொல்வார்கள்? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23 தரும் ரகசிய உரிமையும் அங்கேயே போய்விடும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி, அமர்வுக்கு முன் 10 நிமிடம் பேசிவையுங்கள்: எதையும் சுருக்கவோ அழகுபடுத்தவோ கூடாது.

மொழிபெயர்ப்பாளர் உங்கள் பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி உட்காரட்டும். நீங்கள் வந்தவரையே பார்த்து, "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று நேராகக் கேளுங்கள், "அவரிடம் கேளுங்க" வேண்டாம். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகமும் கையும் இருட்டாகத் தெரியும், நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். 45 நிமிட அமர்வுக்கு 75 முதல் 90 நிமிடம் ஒதுக்குங்கள். நடுவில் இடைவேளை கட்டாயம், மொழிபெயர்ப்பாளரின் கை மட்டுமல்ல, மூளையும் களைத்துவிடும்.

அதிகம் சறுக்குவது, மனச்சோர்வை அளவிடும் 9 கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 படிவத்தில்தான். தமிழ்ப் படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டால் போதாது; பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. "கடந்த 2 வாரங்களில்" என்பதற்கு நாட்காட்டியை வைத்து 14 நாட்களையும் விரலால் காட்டுங்கள். தற்கொலை எண்ணம் பற்றிய 9ஆம் கேள்விக்குத் தலையாட்டினால் உடனே "ஆம்" என்று குறிக்காதீர்கள், வேறு விதமாக இன்னொரு முறை கேளுங்கள்.

புருவம் நெரிவதைக் கோபம் என்று குறிப்பேட்டில் எழுதாதீர்கள். சைகைமொழியில் அது கேள்விக்கான இலக்கணமாகவும் இருக்கும்.