கையைப் பின்னால் கட்டிக்கொள்

அம்மாடி,

நேற்று போனில் நீ சொன்னதையே ராத்திரி வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவக் கல்வி ஃபெல்லோஷிப்பில் இடம் கிடைத்த சந்தோஷத்தைவிட, உன் சீனியர் கேட்டதுதான் உன்னை உறுத்துகிறது போல. "இவ்வளவு நல்லா கேஸ் பார்க்கிறே, உனக்கு எதுக்கும்மா வாத்தியார் வேலை? சொல்லிக்கொடுக்க ஒரு படிப்பா?" எமர்ஜென்சியில் இருந்த காலமெல்லாம் நானும் அப்படித்தான் நினைத்தேன். கேஸ் பார்க்கத் தெரிந்தால் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று. தெரியாது. இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு நைட் டியூட்டி. முதல் வருஷப் பையன் ஒருவன் நோயாளியின் மூச்சுக்குழாயில் டியூப் போட நிற்கிறான். தொண்டைக்குள் பார்க்கிற லாரிங்கோஸ்கோப்பை உள்ளே விட்டு நாக்கை ஒதுக்கிவிட்டான், சரியாகத்தான். டியூப் போக வேண்டிய இடத்தைக் காட்டும் குரல்நாண் இன்னும் கண்ணில் படவில்லை. மானிட்டரில் ஆக்சிஜன் 98லிருந்து 96க்கு வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. தோளால் இடித்து ஒதுக்கி, ஸ்கோப்பைப் பிடுங்கி நானே போட்டேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. "சார் கை சார் கைதான்" என்றார் நர்ஸ். நானும் குளிர்ந்துபோனேன். அதற்கப்புறம் டியூப் போட வேண்டிய கேஸ் வந்தாலே அந்தப் பையன் என்னைத் தேடி ஓடிவருவான். ஸ்கோப்பைத் தொடவே மாட்டான். நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

96 பிடுங்குகிற எண்ணே இல்லை. முன்னாலேயே நன்றாக ஆக்சிஜன் ஏற்றியிருந்தோம், நேரம் இருந்தது. தீர்ந்துபோனது என் பொறுமை. பல வருஷம் கழித்துத்தான் வழி பிடிபட்டது: ஆரம்பிக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்வது. "93க்கு இறங்கினால் ஸ்கோப்பை எடுத்துவிட்டு மாஸ்க்கில் மூச்சுக் கொடுப்போம். இரண்டாவது முறையும் நீயே போடு. அதிலும் வரவில்லை என்றால் நான் வாங்கிக்கொள்கிறேன்." அதுவரை என் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். வீடியோ ஸ்கோப் வந்தபின் உங்கள் பாடு பரவாயில்லை, அவன் பார்ப்பதை நீயும் திரையில் பார்க்கலாம். அன்றைக்கு அவன் என்ன பார்க்கிறான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். பிடுங்குவதற்கு அதுவும் ஒரு சாக்கு.

நம் துறைக்கு வயசும் குறைவு. அமெரிக்காவில் சின்சினாட்டியில் அவசர மருத்துவத்துக்கென்று முதல் ரெசிடென்சி, அதாவது மேற்படிப்புப் பயிற்சி, தொடங்கியதே 1970இல்தான். தனித்துறை என்று அங்கே ஏற்றுக்கொண்டது 1979இல். அதனால் முதல் தலைமுறைக்குச் சொந்தத் துறையில் வாத்தியாரே கிடையாது. சர்ஜன்களிடமும் மயக்க மருந்துக்காரர்களிடமும் போய்க் கற்றுக்கொண்டு வந்தார்கள். "ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு" என்ற ஆபரேஷன் தியேட்டர் வாய்பாடும் கூடவே வந்துவிட்டது.

உங்களுக்குச் சொல்லித்தரப்போவதில் 'ஒரு நிமிட ஆசிரியர்' முறை கட்டாயம் இருக்கும். 1992இல் குடும்ப மருத்துவக்காரர்கள் எழுதியது, ஆனால் நமக்கென்றே செய்ததுபோல இருக்கும். நெஞ்சுவலி கேஸைப் பார்த்துவிட்டு இன்டர்ன் வருகிறான்: "ஈசிஜி நார்மல், வாயுத் தொல்லைதான் போல." நானாக இருந்தால் நடந்துகொண்டே "ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை அனுப்பு, ஈசிஜி திரும்ப எடு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். வேலை முடிந்தது, பாடம் நடக்கவில்லை. இந்த முறையில் அவன் தன் முடிவைத் தானே சொல்ல வேண்டும். ஏன் அப்படி நினைக்கிறாய் என்று நீ கேட்க வேண்டும். பிறகு ஒரே ஒரு பொது விதி: முதல் ஈசிஜி நார்மலாக இருந்தால் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. அவன் சரியாகச் செய்தது எது என்று குறிப்பாகச் சொல்லிவிட்டு, தப்பைத் திருத்த வேண்டும். அவ்வளவுதான். கேள்வியைக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் பெரும்பாடு. எமர்ஜென்சிக்காரர்களுக்கு மௌனம் என்றாலே ஏதோ தப்பு நடக்கிறது என்று தோன்றும்.

பாடத்திட்டம் வகுப்பது, ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு நடத்துவது எல்லாம் படிப்பிலேயே வந்துவிடும். அதைப்பற்றி எனக்குக் கவலையில்லை. மருத்துவக் கல்வியாளர் மில்லர் 1990இல் சொன்ன அடுக்கை மட்டும் மறக்காதே: தெரிகிறது, எப்படி என்று தெரிகிறது, செய்து காட்டுகிறான், உண்மையில் செய்கிறான். மேனிக்வின் பொம்மையில் அழகாகச் செய்துகாட்டுபவன் மூன்றாவது படியில்தான் நிற்கிறான்.

நீ கேட்காத இன்னொன்று. நாளைக்குத் துறைத் தலைவர் நாற்காலிக்கு வந்தால், உன்னை ஆட்டிப்பார்க்கப்போவது ஆராய்ச்சி நிதியோ மீட்டிங்கோ இல்லை, ரெசிடென்ட்களின் பயிற்சிப் பதிவேடான லாக் புக்கில் போடுகிற கையெழுத்து. தேறாத பிள்ளை ஒன்று வரும். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை, ஒரு ஷிஃப்டுக்கும் லேட்டாக வராத பிள்ளை. "போகட்டும், போகப்போகக் கற்றுக்கொள்ளும்" என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒருமுறை இல்லை. ஷிஃப்ட் முடிந்த அன்றே குறை என்ன என்று எழுதிக் காட்டியிருந்தால் அந்தப் பிள்ளைக்குத் திருத்திக்கொள்ள ஆறு மாதமாவது கிடைத்திருக்கும். கடைசி நாளில் சொல்வதற்கு வாய் வராமல் கையெழுத்துப் போட்டேன்.

பாடம் நடத்தினால் அதை எழுதியும் வை. எதைச் சொன்னாய், எது எடுபடவில்லை, அடுத்த தடவை எதை மாற்றினாய் என்று. இத்தனை வருஷம் நடத்தியும் என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பதவி உயர்வு நேர்காணலில் "கல்விப் பணி என்ன செய்தீர்கள்" என்று கேட்டார்கள். "நடத்தினேன்" என்றேன். சிரித்தார்கள்.

ஷிஃப்டை மட்டும் முழுசாக விட்டுவிடாதே. கேஸ் பார்க்காத வாத்தியாரை ரெசிடென்ட்கள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் வகுப்பு எடுக்கும்போது யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பு. நோயாளிகள் முகம் தெரியக்கூடாது, அதைப் பார்த்துக்கொள். நீ என்ன பாடம் எடுக்கிறாய் என்றெல்லாம் பார்க்கமாட்டேன். கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி சும்மா நிற்கிறாய் என்று வாட்சை வைத்து எண்ணப்போகிறேன். மூன்றுக்குக் குறைந்தால் போன் வரும்.

அப்பா