ஊராட்சி வரை வரும் இணையம் வீட்டுக்கும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கேபிளால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தை மனதார வரவேற்கிறேன். சரி, ஊராட்சி அலுவலகத்திலிருந்து அந்த இணையம் கூலித் தொழிலாளி வீட்டுக்கு எப்படிப் போகும்? எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகள் படிக்கும் ஒரு வீட்டில் ஒரே செல்போன்தான். அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். ரீசார்ஜ் தீர்ந்துவிட்டால், இருக்கிற காசு அதற்கா, மளிகைக்கா என்று அந்த அம்மா தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பம்கூட ஆன்லைன் ஆகிவிட்ட காலம் இது.

கேரளம் 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைய இணைப்பு உண்டு. இங்கேயும் மிக ஏழைகளுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டைதாரர்களிடமிருந்து தொடங்கலாமே. அதுவரை ஊர் நூலகத்தில் வைஃபை வைத்து, இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள்.

– ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்