ஓட்டைக் காலணாவும் கறுப்புக் காகிதமும்: ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னை மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பள்ளி ஆசிரியர்களுக்கு நாங்கள் நடத்திய இரண்டு நாள் பயிற்சி நல்லபடியாக முடிந்தது. ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லியும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

போர் என்றால் பாடப்புத்தகத்தில் ஹிட்லர், முசோலினி, ஹிரோஷிமா. அது நம் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்த கதையை வகுப்பில் யாரும் எடுப்பதில்லை. இது என் நெடுநாள் ஆதங்கம். 1942 மார்ச்சில் பர்மாவின் தலைநகரான ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்றது. 1943இல் நகரத்தில் ரேஷன் வந்தது. இதைச் சொன்னாலே பிள்ளைகளுக்குப் போர் பிடிபட்டுவிடும்.

முதல் நன்றி, இந்தத் தள்ளாத வயதிலும் மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் வந்த பாட்டிக்கு. அப்போது அவருக்கு எட்டு வயது. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் குண்டு விழுந்தது, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது நாம்தான் என்று சென்னை காலியாகத் தொடங்கியது. விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஜன்னல் கண்ணாடிக்கு அப்பா கறுப்புக் காகிதம் ஒட்டியது, வெண்கலப் பானைகளைக் கிணற்றடியில் புதைத்தது, எழும்பூரில் கும்பகோணம் ரயிலில் ஜன்னல் வழியாக ஏற்றிவிட்டது, எல்லாம் சொன்னார். "பசுவை மட்டும் கூட்டிண்டு போக முடியலை" என்றவர் அப்புறம் பேசவில்லை. ஓர் ஆசிரியை எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி. ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சிசாலையில், குண்டுவீச்சில் கூண்டு உடைந்து தப்பிவிடுமோ என்று பயந்து சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள் என்பது வந்திருந்த ஆசிரியர்களில் பலருக்குப் புதுச் செய்தி.

நாணயம் சேர்க்கும் நண்பருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். செம்பை மிச்சம்பிடிக்க 1943இல் நடுவில் ஓட்டை போட்டு அடித்த காலணாக்களை நம்பிக் கொடுத்தார். அதற்கு முந்தைய முழுக் காலணாவை ஒரு கையிலும் இதை மறு கையிலும் வைத்து, ஆசிரியர்கள் எடை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பஞ்சத்தைப் பற்றி நான் அரைமணி நேரம் பேசியதைவிட அது நன்றாக வேலை செய்தது.

விடுமுறை நாளிலும் பள்ளியைத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியைக்கும், சுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே இருந்த அம்மாவுக்கும் என் வணக்கம்.

ஒலிப்பதிவுக் கருவி தந்த தம்பிக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சிக்கு வந்திருந்த பொன்னேரி ஆசிரியை நேற்றுப் பேசினார். அவர் வகுப்புப் பையன் ஒருவனின் கொள்ளுப்பாட்டி பர்மாவிலிருந்து சிறுமியாக நடந்தே வந்தவராம். சனிக்கிழமை போகிறோம். கருவி இன்னும் ஒரு வாரம் என்னிடமே இருக்கட்டும்.