நந்தியாவட்டையில் இருப்பது விஷப்பூச்சி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நந்தியாவட்டைச் செடியில் இருந்த பச்சைப் புழு ஒன்றின் படத்துடன், ‘கொடிய விஷப்பூச்சி, தொடாதீர்கள்’ என்ற செய்தி தண்டையார்பேட்டைப் பகுதிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. அதை நம்பிச் சிலர் வாசலில் இருக்கும் செடிகளுக்கெல்லாம் பூச்சிமருந்து அடிக்கத் தொடங்கிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

அந்தப் புழு, டாப்னிஸ் நேரி என்னும் அறிவியல் பெயர் கொண்ட அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் குஞ்சு. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி ஆகியவற்றின் இலைகளைத் தின்று வளரும் இது, அச்செடிகள் கோயில் நந்தவனம், வீட்டு வாசல், சாலை நடுத்திட்டு என வடசென்னை முழுவதும் இருப்பதால், எண்ணூர் முதல் ராயபுரம் வரை எங்கும் வாழக்கூடியது. எங்கிருந்தோ புதிதாக வந்து இறங்கிய பூச்சி அல்ல.

உருவம் மிரட்டக்கூடியதுதான். தலைக்குச் சற்றுப் பின்னால் கருவளையமிட்ட இரண்டு நீலப் பொட்டுகள் இருக்கும். செடியை அசைத்தால் புழு தலையை உள்ளிழுத்து, உடலின் முன்பகுதியை உப்பவைத்து, அப்பொட்டுகளை விழித்த கண்களைப் போலக் காட்டும். பறவைகளை விரட்டுவதற்கான இந்தப் பாசாங்கில் மனிதர்களும் ஏமாந்துபோகிறோம். வால்முனையில் உள்ள சிறு கொம்பு கொட்டாது. கம்பளிப்பூச்சிக்கு உள்ளது போன்ற மயிர் இதற்கு இல்லாததால் மேலே பட்டாலும் அரிக்காது. அரளியின் நஞ்சு நாம் அறிந்ததே என்பதால், தொட்ட கையைக் கழுவிக்கொள்வது போதும்.

வளர்ந்த பூச்சியோ கண்கொள்ளாக் காட்சி. விரித்தால் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வரும் இறக்கைகளில் கரும்பச்சை, இளஞ்சிவப்பு, வெண்மை ஆகியவை பளிங்குக் கல்லில் ஓடும் ரேகைகளைப் போல் கலந்திருக்கும். அந்தி சாய்ந்ததும் மணமுள்ள பூக்களின் முன் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலால் தேன் குடிக்கும். கடிப்பதற்கு அதற்குத் தாடைகளே இல்லை.

புழு மொட்டையாக்கிய கிளை பெரும்பாலும் மீண்டும் துளிர்த்துவிடும். அழகு கெடுகிறதே என்று வருந்துவோர் புழுவை இலையோடு எடுத்து, ஆளில்லா இடத்தில் நிற்கும் அரளியில் விட்டுவிடலாம். முற்றிய புழு பழுப்பு நிறமாகித் தரைக்கு இறங்கி, சருகுக்கடியில்தான் கூட்டுப்புழுவாகிறது. ஆகவே, பூங்காக்களைப் பராமரிப்போர் அரளிச் செடிகளின் அடியில் மட்டுமாவது சருகைக் கூட்டி எரிக்காமல் விட்டுவைக்கும்படி தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.