பிள்ளைகளின் இணையக் குழுக்களும் பெரியவர்களின் பதற்றமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலங்கு முகமூடி அணிந்து கைகளையும் கால்களையும் ஊன்றிப் பாய்ந்தோடும் சிறுவர்கள், தம்மை ஓநாயாகவோ பூனையாகவோ உணர்வதாகச் சொல்லும் ‘தேரியன்’ இளையோர், விலங்குக் கதாபாத்திரங்களை உருவாக்கி அவற்றின் வேடம் பூண்டு மகிழும் ‘ஃபர்ரி’ குழுவினர் ஆகியோரின் காணொளிகள் கைப்பேசிகளில் வலம்வரும்போதெல்லாம், இந்தத் தலைமுறைக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியும் கூடவே வருகிறது. 14 வயதுப் பெண்ணின் தாயாகிய நானும் அந்தக் கேள்வியைக் கேட்டவள்தான்.

என் மகள் சென்ற ஆண்டு முழுவதும் நரிமுகம் கொண்ட ஒரு கதாபாத்திரத்தை வரைந்துகொண்டிருந்தாள். அதற்குப் பெயர், பிறந்தநாள், குணம் எல்லாம் உண்டு. அதே நாட்டமுள்ள சிலரோடு டிஸ்கார்ட் என்ற இணைய உரையாடல் செயலியில் பேசுகிறாள் என்று அறிந்த அன்றே அவளுடைய கைப்பேசியைப் பிடுங்கி வைத்தேன். அதன் பிறகு இரண்டு மாதங்கள் அவள் என்னிடம் எதையுமே சொல்லவில்லை. ஒருவழியாக அருகில் உட்கார்ந்து அந்த உரையாடல்களை அவளோடு சேர்ந்து படித்தபோது, நிழல் தீட்டும் முறை பற்றியும் பள்ளித் தேர்வு பற்றியுமே பேசியிருந்தார்கள். அந்த இரண்டு மாதங்களில் உண்மையான ஆபத்து ஒன்று அவளை நெருங்கியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது.

1964ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரையில் ‘மாட்’, ‘ராக்கர்’ என்ற இரு எதிரெதிர்க் குழுக்களின் இளைஞர்கள் செய்த ரகளையை, ஊரே சூறையாடப்பட்டதுபோல நாளிதழ்கள் எழுதின. அதை ஆராய்ந்த சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன், அந்த மிகைப்படுத்தல் சிக்கலை வளர்க்கவே செய்தது என்று விளக்கினார். நம் காலத்திலும் அதுவே நடந்தது. ஜப்பானியக் கலைஞர் ஒருவர் செய்த பேயுருவச் சிற்பத்தின் படத்தை வைத்து, ‘மோமோ’ என்ற விளையாட்டு குழந்தைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்ற வதந்தி 2019 பிப்ரவரியில் பல நாடுகளில் பரவியது. அப்படி எவருக்கும் தீங்கு நேர்ந்ததற்குச் சான்றில்லை என்று பிரிட்டனின் குழந்தைநல அமைப்புகளே கூறின. அந்த அச்சமூட்டும் முகத்தைக் குழந்தைகளின் கண்முன் கொண்டுபோய் நிறுத்தியதில், எச்சரிப்பதாக எண்ணிப் படத்தைப் பகிர்ந்த பெரியவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆகவே கவலையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் கவலை வினோதமான தோற்றத்தையே சுற்றிவருவதால், தோற்றத்தில் எந்த வினோதமும் இல்லாதவை நம் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன என்பதே என் வருத்தம். பட்டினி கிடந்து மெலிவதை ஒரு சாதனையாகப் போற்றும் குழுக்களுக்கும், உடற்பயிற்சி ஆலோசனையில் தொடங்கிப் பெண் வெறுப்பில் கொண்டுபோய் விடும் குழுக்களுக்கும் வாலும் இல்லை, முகமூடியும் இல்லை. ‘764’ போன்ற வலைக்குழுக்கள் சிறார்களோடு நட்புப் பாராட்டி, அந்தரங்கப் படங்களைப் பெற்று, அவற்றைக் காட்டி மிரட்டி, அச்சிறார்கள் தம்மைத்தாமே காயப்படுத்திக்கொள்ளச் செய்கின்றன என்று அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2025 மார்ச்சில் எச்சரித்தது. பெரும்பாலும் 10 முதல் 17 வயது வரையுள்ளவர்களே இவற்றுக்கு இலக்காகிறார்கள். திடீரென ஒதுங்கிப்போவது, கடும் வெயிலிலும் உடலை முழுக்க மூடிய உடை அணிவது போன்றவை அந்த எச்சரிக்கையில் சொல்லப்பட்ட அறிகுறிகள்.

ஒரு குழுவில் பிள்ளை என்ன வேடம் போடுகிறது என்பதைவிட, அந்தக் குழு பிள்ளையிடம் என்ன கேட்கிறது என்பதையே பெற்றோர் விசாரிக்க வேண்டும். வீட்டாரிடம் மறைக்கச் சொல்கிறதா, படம் அனுப்பச் சொல்கிறதா, பழைய நண்பர்களை விலக்கச் சொல்கிறதா, விலக நினைத்தால் மிரட்டுகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலும் அன்றே தலையிட வேண்டும். தவறு செய்துவிட்டதாக அஞ்சும் பிள்ளையைத் திட்டாமல் அரவணைத்து, ஆதாரங்களை அழிக்காமல் வைத்துக் காவல்துறையை அணுக வேண்டும்.

இத்தகைய செய்திகளை வெளியிடும்போது அச்சமூட்டும் படங்களைத் தவிர்த்து, உண்மையில் தீங்கு நேர்ந்ததா என்று சரிபார்த்த பிறகே அச்சிட்டு, கவனிக்க வேண்டிய அறிகுறிகளையும் உதவி கிடைக்கும் இடங்களையும் உடன் தருமாறு தங்கள் நாளிதழைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்