கையெழுத்து போடாத அண்ணனுக்கு

பெரும்பாக்கம் உறவுகளுக்கு வணக்கம்.

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நம் பிளாக்கில் ஒவ்வொரு போனாக டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கியது. ஏழாவது மாடி ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. போனைத் தூக்கிக்கொண்டு மூன்று வீட்டுக் கதவைத் தட்டி, மூன்று பேரையும் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் நம்பினார். ஆதரவில்லாதவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் ஓய்வூதியம் நம் பலருக்கு நின்றுபோயிருந்தது. அது வந்துவிட்டது, விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்து. என்ன நடந்தது, எந்த மேசையில் நம் காகிதம் தூங்கியது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மறுபடி கிளற வேண்டாம்.

நம் பிளாக் வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. அடையாற்றங்கரையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். குடிசையைக் காலி செய்து இங்கே கொண்டுவந்து விட்டபோது ஒரே லாரியில் வந்தவர். அந்த உரிமையில், ஓய்வூதியம் கேட்டு எழுதிய மனுவைக் கையெழுத்துக்காக நீட்டினேன். "கையெழுத்தெல்லாம் வேணாம்மா, எதுக்கு வம்பு" என்றார். எனக்குக் கோபம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். விடியுமுன் கிளம்பித் தாம்பரம் போய், அங்கிருந்து ரயில் பிடித்துச் செங்கல்பட்டு போனால்தான் வரிசையில் முன்னால் நிற்கலாம். என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தனியாக இருப்பவளுக்குப் பிள்ளையை எங்கே விடுவது என்பதுதானே முதல் கவலை. வேறு வழியில்லாமல் அவரிடமே நிறுத்தி, "எட்டு மணிக்கு எதிர்வீட்டு அக்கா வந்து கூட்டிட்டுப் போவாங்க, அதுவரைக்கும் பார்த்துக்கங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவளுக்குத் தலைகூட வாரவில்லை. சாயங்காலம் வந்தால் கச்சிதமாக ரெட்டைச் சடை, மடித்துக் கட்டிய வெள்ளை ரிப்பன். எதிர்வீட்டு அக்கா வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது திங்கள், ஜெராக்ஸ் கவரை மறந்து பாதி வழியில் திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன். கசங்கின ரிப்பனை வண்டிப் போர்வைமேல் நீட்டி வைத்துத் தண்ணீர் தெளித்து, பெட்டியின் முனையால் மட்டும் மெல்ல ஓட்டினார். கரி பட்ட கையை லுங்கியில் துடைத்தார். போதாதென்று ஈரத்துணியில் விரல் விரலாகத் துடைத்தார். அப்புறம்தான் சீப்பை எடுத்தார். என் மகள் பென்ச்சில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் கூச்சம். "எனக்கு மூணு தங்கச்சிம்மா. எங்கம்மா விடிகாலையிலேயே சித்தாள் வேலைக்குப் போயிடும்" என்றார். அவ்வளவுதான்.

என் போன்றவர்களுக்கு இந்த ஓய்வூதியம் கிடைக்க 'கணவரால் கைவிடப்பட்டவர்' என்று ஒரு சான்றிதழ் உண்டு. ஐந்து வருஷமாகத் தனியாக இருக்கிறோம் என்று நாமே நிரூபிக்க வேண்டும். அதற்காக எத்தனை பேர் முன்னால் என் கதையைச் சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. இந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மனு எழுதித் தந்த கல்லூரித் தம்பிகள், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிக் கேள்வி கேட்கப் பழக்கிய வக்கீல் அம்மா, கடனுக்கு ஜெராக்ஸ் போட்ட கடைக்காரர், சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுத்த வீட்டுக்காரம்மாக்கள், என்னோடு வெயிலில் நின்ற அத்தனை அக்கா தங்கைகள், எல்லோருக்கும் கும்பிடு. மாதம் 1,200 ரூபாய்க்கா இத்தனை அலைச்சல் என்று கேட்டவர்களும் உண்டு. 2023 ஆகஸ்டுக்கு முன்னால் அதுவும் 1,000தான். சிலிண்டர் வாங்கிவிட்டு மிச்சத்தில் பிள்ளைக்குப் பால் வாங்குகிறவளுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய பணம் என்று.

இன்னும் லிஃப்ட் பிரச்சினை இருக்கிறது, அங்கன்வாடி பிரச்சினை இருக்கிறது. விடப்போவதில்லை. இனி சனிக்கிழமை சாயங்காலம் இஸ்திரி வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்கு மனு எழுதித் தருவேன். அண்ணனிடம் கேட்டேன். "நிழல் இருக்கு, உக்காந்துக்க" என்றார். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றுக்கும் நகல் எடுத்து வாருங்கள். அவரிடம் மட்டும் யாரும் கையெழுத்து கேட்காதீர்கள்.